எட்டு மணி ஆராதனை: ஆங்கிலக் கிராமத்து ஆலயத்தின் அமைதி எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தின் கிராமத்து ஆங்கிலிக்கன் ஆலயங்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஓர் ஆராதனை நடப்பதுண்டு. ஆர்கன் ஒலிக்காது, பாடகர் குழு இருக்காது, பெரும்பாலும் பிரசங்கமும் இராது. பத்துப் பன்னிரண்டு பேர், சில ஊர்களில் அதற்கும் குறைவானவர்கள், நீண்ட பெஞ்சுகளில் ஒருவரையொருவர் நெருங்காமல் அமர்ந்திருப்பார்கள். குருவானவர் 1662ஆம் ஆண்டின் பொது ஜெபப் புத்தகத்தைத் திறந்து, கர்த்தருடைய ஜெபத்தைத் தாம் மட்டும் சொல்லித் தொடங்குவார். முக்கால் மணி நேரத்துக்குள் அப்பமும் திராட்சரசமும் பகிரப்பட்டு, ஆசீர்வாதமும் முடிந்துவிடும். பாட்டே இல்லாமல் சொல்லால் மட்டும் நடக்கிற இந்த நற்கருணையை ஊரார் 'எட்டு மணி' என்றே குறிப்பிடுகிறார்கள்.

புதிதாக உள்ளே நுழைபவருக்கு எல்லாமே ஒரே வயதுடையதாகத் தோன்றும். கல் தூண்கள் இடைக்காலத்தவை, ஜெபங்களின் மொழி பதினாறாம் நூற்றாண்டினது. ஆகவே இந்த அமைதியும் இந்த வேளையும் அதே அளவு பழையவை என்று நினைத்துக்கொள்வது இயல்பு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இந்த ஆராதனையின் சொற்களை எழுதியவர்கள் அமைதியை விரும்பியவர்கள் அல்லர். காலை எட்டு மணி என்ற வேளை விக்டோரியா மகாராணி காலத்தில் நிலைபெற்றது. பெஞ்சுகளில் தெரியும் அந்த இடைவெளிக்குக் காரணம் இருபதாம் நூற்றாண்டு. யாரும் திட்டமிட்டு இந்த அமைதியை உருவாக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். நானூற்றைம்பது ஆண்டுகளாக நடந்த சீர்திருத்தங்கள் ஒவ்வொன்றும் கூட்டத்தையும் பாட்டையும் வேறொரு பக்கம் திருப்பிவிட்டன. வாய்க்காலை மாற்றி வெட்டிய பிறகு பழைய தடத்தில் தங்கிவிடும் நீரைப்போல எட்டு மணி ஆராதனை தங்கியது. தங்கியதற்குப் பிற்காலத்தில் தனக்கே உரிய ஒரு பொருளும் வந்து சேர்ந்தது.

உரக்கச் சொல்வதற்கென்று எழுதிய புத்தகம்

சீர்திருத்தத்துக்கு முந்தைய ஆங்கிலக் கிராமத்தில் பூசை லத்தீனில் நடந்தது. குருவானவர் பீடத்தைப் பார்த்து நிற்பார். பூசையின் நடுநாயகமான ஜெபத்தைத் தாழ்ந்த குரலில் சொல்வார். மணி அடித்ததும் மக்கள் தலை நிமிர்த்தி, உயர்த்திப் பிடித்த அப்பத்தைப் பார்ப்பார்கள். பெரும்பாலோருக்கு நற்கருணை என்பது பார்க்கும் ஒன்றாகவே இருந்தது. 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறை, ஈஸ்டர் காலத்திலாவது அதை உட்கொள்ள வேண்டும் என்று விதித்திருந்தது. கிராமத்தார் பலரும் அந்தக் குறைந்தபட்சத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். பாத்திரத்திலிருந்து பருகும் உரிமை குருவுக்கு மட்டுமே. பாட்டில்லாமல் ஒரு குருவும் ஓர் உதவியாளும் சேர்ந்து நடத்தும் பூசையும் எங்கும் வழக்கத்தில் இருந்தது. அமைதி அன்றும் இருந்தது என்று இதை வைத்துச் சொல்லலாம். ஆனால் அது குருவுக்கும் மக்களுக்கும் நடுவே நின்ற அமைதி.

கேன்டர்பரி தலைமைப் பேராயர் தாமஸ் கிரான்மர் கலைக்க நினைத்தது இதைத்தான். 1549இல் அவர் தொகுத்த முதல் ஜெபப் புத்தகம் ஆராதனை முழுவதையும் ஆங்கிலத்தில், மக்கள் காதில் விழும்படி நடத்தச் சொன்னது. அப்பத்தோடு பாத்திரத்தையும் மக்களுக்குக் கொடுக்கச் சொன்னது. அவ்வாண்டு ஜூன் 9, பெந்தெகொஸ்தே ஞாயிறன்று புத்தகம் நடைமுறைக்கு வந்தது. டெவன் மாவட்டத்தின் சாம்ஃபோர்டு கோர்ட்னி என்ற கிராமத்தில் மறுநாளே கலகம் வெடித்தது. பழைய உடைகளை அணிந்து பழைய பூசையையே நடத்தும்படி ஊரார் தங்கள் குருவைக் கட்டாயப்படுத்தினார்கள். தடுக்க வந்த ஒரு கனவான் கொல்லப்பட்டார். கார்ன்வாலில் திரண்ட கலகக்காரர்களும் சேர்ந்து எக்ஸெட்டர் நகரை முற்றுகையிட்டார்கள். புதிய ஆராதனை கிறிஸ்துமஸ் விளையாட்டுப்போல் இருக்கிறது என்பதும், கார்ன்வால்காரர்களில் சிலருக்கு ஆங்கிலமே தெரியாது என்பதும் அவர்கள் எழுதிக்கொடுத்த முறையீட்டில் இருந்தன. அரசுப் படை ஆகஸ்டில் கலகத்தை அடக்கியபோது ஆயிரக்கணக்கானோர் மாண்டிருந்தார்கள். இன்று பழமையின் அடையாளமாகப் போற்றப்படும் ஜெபங்களின் முதல் வடிவம், பழமையை அழிக்க வந்த புதுமை என்றே அந்தக் கிராமத்தாருக்குப் பட்டது.

1552இல் வந்த இரண்டாம் புத்தகம் இன்னும் தூரம் போனது. பூசை என்ற பெயரே விடப்பட்டது. கல் பீடங்களின் இடத்தில் மரமேசை வந்தது. வழக்கமாக உண்ணும் ரொட்டியே போதும் என்றானது. தொடக்கத்தில் இருந்த 'உன்னதத்தில் தேவனுக்கு மகிமை' என்னும் துதி, நற்கருணை பெற்ற பின் சொல்லும் நன்றியாக இறுதிக்கு நகர்ந்தது. நம் பொருளுக்கு மிக முக்கியமான ஒரு விதியும் அதில் இடம்பெற்றது: குருவோடு சேர்ந்து நற்கருணை பெறச் சிலராவது முன்வராவிட்டால் நற்கருணை நடத்தக் கூடாது; இருபது பேருக்கு மேல் இல்லாத சிறிய ஊரானாலும் நான்கு பேர், குறைந்தது மூன்று பேர், வேண்டும். குரு தனியாக நடத்தும் பூசைக்கு முற்றுப்புள்ளி வைப்பதே நோக்கம். 1662ஆம் ஆண்டுப் புத்தகமும் இவ்விதியை வைத்துக்கொண்டது. எட்டு மணி ஆராதனைக்கு வரும் சிறு கூட்டத்தை இன்றும் ஆளும் விதி இது.

பாட்டு வேண்டாம் என்று கிரான்மர் முடிவு செய்துவிடவுமில்லை. முதல் புத்தகத்தின் சொற்களுக்கு ஜான் மெர்பெக் எளிய இசை அமைத்து 1550இல் வெளியிட்டார். இரண்டே ஆண்டில் புத்தகம் மாறிவிட, அந்த இசை பயனற்றுப் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் அது மறுபடி எடுத்தாளப்பட்டது. பிறகு உள்நாட்டுப் போரின்போது, 1645இல், பாராளுமன்றம் ஜெபப் புத்தகத்தையே தடைசெய்தது. மன்னராட்சி திரும்பியதும் 1662இல் திருத்தப்பட்ட வடிவம் சட்டமானது. அதை ஏற்க மறுத்தவர்கள், அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியேற்றப்பட்டவர்கள் எனச் சுமார் 2,000 ஊழியர்கள் பதவியிழந்தார்கள். கிராமத்து ஆலயத்தின் இருக்கையில் இன்று கிடக்கும் சிறிய புத்தகத்தின் பின்னால் இத்தனை சண்டை இருக்கிறது.

ஆண்டுக்குச் சில முறை

சட்டம் வந்துவிட்டது, வாரந்தோறும் நற்கருணை வந்துவிடவில்லை. அதற்கு முன்பும் அப்படித்தான். சால்ஸ்பரி நகரை ஒட்டிய பெமர்ட்டனில் 1630 முதல் 1633இல் இறக்கும் வரை குருவாக இருந்த கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட், கிராமத்துக் குருவின் கடமைகளைப் பற்றி எழுதிய நூல் 1652இல் அச்சானது. மாதம் ஒருமுறை முடியாவிட்டாலும் ஆண்டுக்கு ஐந்தாறு முறையாவது நற்கருணை நடத்த வேண்டும் என்கிறார் அவர். எப்போதெல்லாம் என்றும் சொல்கிறார்: ஈஸ்டர், கிறிஸ்துமஸ், அறுவடைக்கு முன், அறுவடைக்குப் பின், தபசு நாட்களின் தொடக்கம். பக்தியில் மிகவும் கண்டிப்பான ஒரு குருவின் அளவே இவ்வளவுதான். உழவர்களின் நாட்காட்டியோடு திருவிருந்தை அவர் பிணைத்திருப்பது கவனிக்கத் தக்கது. விருந்து என்பதால் உட்கார்ந்து உண்பதே முறை. ஆனால் மனிதன் அதற்குத் தகுதியாக ஆயத்தப்பட்டு வருவதில்லை என்பதால் முழங்கால்படியிடுகிறான் என்ற அவருடைய விளக்கம், அக்காலத்தின் பெரிய சர்ச்சையை மிக இதமாகத் தீர்த்துவைக்கிறது.

ஊருக்கு ஊர் கிடைக்கும் பொருள்களும் இந்த வரலாற்றைச் சொல்கின்றன. இடைக்காலப் பாத்திரம் குரு ஒருவர் பருகுவதற்குப் போதுமான சிறிய கிண்ணம். சபையே பருக வேண்டும் என்றதும் அது போதவில்லை. 1560களில் பேராயர்களின் உத்தரவுப்படி ஊர் ஊராகப் பழைய கிண்ணங்களை உருக்கி ஆழமான வெள்ளிக் கோப்பைகளாக மாற்றினார்கள். மூடியைத் திருப்பிவைத்தால் அப்பத்தட்டாகப் பயன்படும். நார்விச் மறைமாவட்டத்தில் மட்டும் 1567, 1568 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஏராளமான ஆலயங்கள் இப்படிக் கோப்பை மாற்றின. அதே மறைமாவட்டத்தில் 1636இல் பேராயர் மத்தேயு ரென், மேசைக்கு முன்னால் குறுக்கே கிராதி போடவும், நாய்கள் நுழைய முடியாதபடி கம்பங்களை நெருக்கமாக வைக்கவும் உத்தரவிட்டார். கிராமத்தார் இன்று முழங்கால்படியிடும் கிராதி வழிபாட்டின் மதிப்பைக் காக்கவும் நாயைத் தடுக்கவும் ஒருசேர வந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் கிராமத்தின் ஞாயிறு என்பது காலை ஜெபம், மன்றாட்டு, நற்கருணை ஆராதனையின் முற்பகுதி, பிரசங்கம் ஆகியவை ஒரே தொடராக வரும் நீண்ட ஆராதனை. நற்கருணை பெரும்பாலான ஊர்களில் ஆண்டுக்கு மூன்று நான்கு முறைதான். ஈஸ்டர் உட்பட ஆண்டுக்கு மூன்று முறையாவது பெற வேண்டும் என்ற 1662ஆம் ஆண்டு விதியைக் கீழ் எல்லையாக எழுதியிருந்தார்கள்; நடைமுறையில் அதுவே மேல் எல்லையும் ஆனது. 1673ஆம் ஆண்டின் சட்டம் அரசுப் பதவி ஏற்பவர் ஆங்கிலிக்கன் நற்கருணை பெற்றாக வேண்டும் என்றது. 1828 வரை அது நீடித்தது. நற்கருணை ஒரு பக்கம் பயபக்திக்குரியதாகவும் மறுபக்கம் அரசியல் சான்றிதழாகவும் இருந்த காலம் அது.

நற்கருணை நாட்களில்கூட ஊர் முழுவதும் கடைசிவரை இருப்பதில்லை. பிரசங்கம் முடிந்ததும் பெறாதவர்கள் எழுந்து போய்விடுவார்கள். மேல்மாடத்தில் பிடில், கிளாரினெட் வாசித்த கிராமத்து வாத்தியக்குழுவும் அதற்குள் தன் வேலையை முடித்திருக்கும். (தாமஸ் ஹார்டி 1872இல் எழுதிய 'அண்டர் தி கிரீன்வுட் ட்ரீ' நாவல் அப்படிப்பட்ட ஒரு குழு ஆர்கனுக்கு இடம் விடுவதைப் பற்றியது.) எஞ்சிய சிலர் மேசையருகே வருவார்கள், மீதி ஆராதனை பேச்சாகவே நடக்கும். பாட்டுச் சத்தம் ஓய்ந்து, கூட்டம் கலைந்த பிறகு நடப்பதே நற்கருணை என்ற அமைப்பு இப்படித்தான் பழகியது. எட்டு மணி ஆராதனைக்கு அடிப்படை இங்கே இருக்கிறது. ஆனால் வேளை இன்னும் எட்டு மணி ஆகவில்லை; நண்பகலை ஒட்டியே இது நடந்தது.

வெறும் வயிற்றின் வேளை

வேளையை மாற்றியது ஆக்ஸ்ஃபோர்டு இயக்கம். 1833 ஜூலை 14 அன்று ஜான் கீபிள் ஆற்றிய பிரசங்கத்தை அதன் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். ஆங்கிலத் திருச்சபை பாராளுமன்றத்தின் ஒரு துறை அன்று, அப்போஸ்தலர் காலத்திலிருந்து தொடரும் சபை என்று இவ்வியக்கத்தார் வாதிட்டார்கள். அப்படியானால் நற்கருணை ஆண்டுக்கு நான்கு முறை நடக்கும் சடங்காக இருக்க முடியாது. ஜான் ஹென்றி நியூமன் 1837இல் ஆக்ஸ்ஃபோர்டின் புனித மரியாள் ஆலயத்தில் வாரந்தோறும் அதிகாலை நற்கருணையைத் தொடங்கினார். கீபிள் 1836 முதல் 1866 வரை ஹாம்ப்ஷயரின் ஹர்ஸ்லி கிராமத்தில் குருவாக இருந்தார். 'தி கிறிஸ்டியன் இயர்' என்ற தம் கவிதை நூலின் வருமானத்தைக் கொண்டு அவ்வூர் ஆலயத்தை 1848இல் புதிதாகக் கட்டி முடித்தார். இயக்கம் பல்கலைக்கழகத்தில் பிறந்தாலும் வேர் பிடித்தது இத்தகைய கிராமங்களிலும் தொழில் நகரங்களின் ஏழைத் தெருக்களிலும்தான்.

அதிகாலைக்கு முதன்மையான காரணம் விரதம். அன்றைய நாளின் முதல் உணவு நற்கருணையாகவே இருக்க வேண்டும் என்ற பழைய ஒழுக்கத்தை இவர்கள் மீட்டெடுத்தார்கள். பதினொரு மணிவரை வெறும் வயிற்றோடு இருப்பது வயோதிகருக்கும் வயலில் உழைப்பவருக்கும் கடினம். எட்டு மணி எல்லாருக்கும் இயலும். வீட்டு வேலைக்காரர்கள் எசமானர்களின் காலையுணவும் பகலுணவும் அழைப்பதற்கு முன் வந்து போகவும் அது வசதி. இதற்கு மாறாக, உழைக்கும் மக்களுக்கு மாலையே ஏற்றது என்று சுவிசேஷப் பிரிவினர் மாலை நற்கருணையைக் கொண்டுவந்தார்கள். உண்டுவிட்டு வருவதா என்று இயக்கத்தார் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஒரு காலத்தில் எட்டு மணிக்குப் போவதா மாலைக்குப் போவதா என்பது ஒருவர் எந்தக் கட்சி என்பதைக் காட்டிக்கொடுத்தது.

சட்டமும் வழிவிட்டது. காலை ஜெபம், மன்றாட்டு, நற்கருணை மூன்றையும் தனித்தனி ஆராதனைகளாக நடத்தலாம் என்பதை 1872ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தெளிவாக்கியது. அதன்பின் கிராமத்து ஞாயிறு இரண்டாகப் பிரிந்தது. எட்டு மணிக்கு நற்கருணை. பதினொரு மணிக்குப் பாட்டும் பிரசங்கமும் சேர்ந்த காலை ஜெபம். இதே காலத்தில்தான் பாட்டும் பெருகியது. ஆராதனையில் பாமாலை பாடுவது சட்டப்படி சரியா என்பதே 1820 வரை வழக்கு மன்றத்தில் விவாதிக்கப்பட்ட விஷயம். 1861இல் 'ஹிம்ஸ் ஏன்ஷியன்ட் அண்ட் மாடர்ன்' வெளிவந்தது. வெள்ளை அங்கி அணிந்த பாடகர் குழுக்களும் ஆர்கன்களும் கிராமங்களுக்கு வந்தன. அவை அனைத்தும் பதினொரு மணிக்கே சென்றன. அதிகாலையில் பாடகரையும் ஆர்கன் வாசிப்பவரையும் திரட்டுவது எளிதன்று; திரட்ட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. நற்கருணையை மையத்துக்குக் கொண்டுவர முயன்ற இயக்கத்தின் பயனாகக் கிராமங்களில் நற்கருணை, பக்தியுள்ள ஒரு சிலரின் அதிகாலை வழக்கமாயிற்று.

ஒன்பதரை மணியின் வெற்றி

இந்தப் பிளவு சரியில்லை என்று முதலில் கூர்மையாக எழுதியவர்களில் ஒருவர் கேப்ரியல் ஹீபர்ட். 1935இல் வெளிவந்த 'லிட்டர்ஜி அண்ட் சொசைட்டி', அவர் பதிப்பித்து 1937இல் வந்த 'தி பேரிஷ் கம்யூனியன்' ஆகிய இரு நூல்களும் ஒரு தலைமுறைக் குருக்களை மாற்றின. எட்டு மணியில் நற்கருணை இருக்கிறது, சபை இல்லை. பதினொரு மணியில் சபை இருக்கிறது, நற்கருணை இல்லை. இரண்டையும் ஒன்பது அல்லது ஒன்பதரை மணிக்கு ஒன்றாகச் சேர்த்து, பாட்டும் பிரசங்கமும் கொண்ட ஒரே நற்கருணையாக, குழந்தைகளோடு குடும்பம் முழுவதும் வரும்படி நடத்த வேண்டும் என்பது அந்நூல்களின் திட்டம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இது நாடெங்கும் பரவியது. பதினொரு மணிக் காலை ஜெபம் பல ஊர்களில் மறைந்தது. எட்டு மணி மறையவில்லை. புதிய ஆராதனையை விரும்பாதவர்களுக்குப் போக்கிடமாக அது இருந்தது.

சொற்களும் மாறத் தொடங்கின. 1662ஆம் ஆண்டுப் புத்தகத்தைத் திருத்தும் முயற்சியைப் பாராளுமன்றத்தின் பொதுச்சபை 1927 டிசம்பரிலும் 1928 ஜூனிலும் தோற்கடித்தது. தோற்ற புத்தகத்தின் பகுதிகளைக் குருக்கள் சத்தமில்லாமல் பயன்படுத்தினார்கள். 1966 முதல் அவற்றுக்கு முறையான அனுமதி கிடைத்தது. 1980இல் மாற்று ஆராதனைப் புத்தகமும், 2000இல் 'காமன் வொர்ஷிப்' என்னும் தொகுதியும் வந்தன. 1972இல் தொடங்கிய ஜெபப் புத்தகச் சங்கம் பழைய நூலுக்காக வாதாடிக்கொண்டிருக்கிறது. இந்த இழுபறியில் பல கிராமங்கள் எளிய சமரசத்துக்கு வந்தன: ஒன்பதரைக்குப் புதியது, எட்டுக்குப் பழையது.

இந்த மாற்றத்தில் தென்னிந்தியாவுக்கும் ஒரு பங்கு உண்டு. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது. லெஸ்லி பிரவுன் அழைப்பாளராக இருந்த குழு உருவாக்கிய அதன் நற்கருணை முறை 1950இல் வந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், காங்கிரகேஷனல், பிரஸ்பிட்டேரியன் மரபினர் சேர்ந்து வழிபட வேண்டியிருந்ததால், எந்த ஒரு கட்சியின் புத்தகத்தையும் நகலெடுக்காமல் பண்டைய மூலங்களுக்குச் சென்று அதை அமைத்தார்கள். கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவர்களிடம் வாழ்ந்துகொண்டிருந்த ஒரு வழக்கம் அதில் இடம்பெற்றது: பீடத்திலிருந்து தொடங்கி ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குச் சமாதானத்தைக் கடத்துவது. உலகெங்கும் ஆங்கிலிக்கன் ஆராதனைத் திருத்தக்காரர்கள் இந்த முறையை ஊன்றிப் படித்தார்கள். 1970களில் சமாதானம் பகிர்தல் இங்கிலாந்தின் புதிய ஆராதனைகளிலும் வேரூன்றியது. பக்கத்திலிருப்பவரிடம் திரும்பிக் கைகொடுக்க வேண்டிய அந்தக் கட்டம் பல ஆங்கிலேயருக்குப் பெரும் சங்கடம். 1662ஆம் ஆண்டுப் புத்தகத்தில் அது கிடையாது. எட்டு மணிக்கு வருவோரில் கைகுலுக்கலைத் தவிர்க்க வருவோரும் உண்டு என்பது ஆங்கிலத் திருச்சபைக்குள் பழகிப்போன பகடி. நம் பக்கத்து ஆலயங்களிலிருந்து புறப்பட்ட ஒரு சைகை, அந்த நாட்டில் சிலரை அதிகாலைக்குத் தள்ளியிருக்கிறது.

உள்ளே நடப்பது என்ன?

எட்டு மணிக்கு நடப்பது அப்பட்டமான 1662 அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். புத்தகத்தின்படி பத்துக் கற்பனைகளை முழுவதும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அவற்றின் சுருக்கம்தான் வருகிறது. விசுவாசப் பிரமாணத்துக்குப் பின் பிரசங்கம் கட்டாயம். எட்டு மணியில் அதைத் தவிர்ப்பதே பலருக்கு அதன் கவர்ச்சி. நீண்ட அறிவுரைப் பகுதிகள் காணாமல் போய்விட்டன. 'காமன் வொர்ஷிப்' தொகுதியின் இரண்டாம் முறை, இப்படி நடைமுறையில் பழகிப்போன ஜெபப் புத்தக ஆராதனையையே அச்சில் ஏற்றியது.

புத்தகத்தின் நற்கருணை முறையில் மௌனமாக இருக்கும்படி எந்தக் கட்டளையும் இல்லை. குருப்பட்ட ஆராதனையில் ஓரிடத்தில் மௌன ஜெபத்துக்கு நேரம் விடச் சொல்கிறது, இங்கே ஒன்றுமில்லை. அப்படியானால் எட்டு மணியின் மௌனங்கள் எங்கே விழுகின்றன? மக்கள் எழுந்து கிராதிக்கு நடந்து வரும்போது, திரும்பிப் போய் அமரும்போது, மீந்த அப்பத்தையும் ரசத்தையும் விதிப்படி குரு அங்கேயே உட்கொண்டு பாத்திரத்தைத் துடைக்கும்போது. பெரிய ஆராதனைகளில் பாமாலையோ ஆர்கனோ நிரப்பும் இடங்கள் இவை. இசை இல்லாததால் செயலின் சத்தமே கேட்கிறது.

ஜெபங்களின் அமைப்பும் சிறு கூட்டத்துக்குப் பொருந்திவிடுகிறது. திருச்சபைக்கான நீண்ட ஜெபம் சபை முழுவதின் ஒற்றுமையில் தொடங்கி, மன்னர், அதிகாரிகள், ஊழியர்கள், துன்பத்திலும் வியாதியிலும் இருப்போர், இறந்துபோன விசுவாசிகள் என்று வரிசையாகப் போகிறது. யாருடைய பெயரையும் உரக்கச் சொல்லாமல் ஒவ்வொருவரும் தம் வீட்டுக் கவலையை அதில் வைத்துக்கொள்ளலாம். எல்லாரையும் எல்லாருக்கும் தெரிந்த சிற்றூரில் இந்த மறைவுக்கு மதிப்பு அதிகம். பாவ அறிக்கையின் மொழி இக்காலச் செவிக்கு மிகக் கடுமையானது. அதைத் தொடர்ந்து மன்னிப்பும், ஆறுதல் தரும் நான்கு வேதவசனங்களும் உடனே வருகின்றன. கடுமையும் ஆறுதலும் வாரந்தோறும் அதே சொற்களில், அதே வரிசையில் வருவதால், நடத்துபவரின் மனநிலையோ திறமையோ குறுக்கே வருவதில்லை.

எண்ணிக்கை குறைவதால் கிடைக்கும் ஒரு பேறும் உண்டு. அப்பத்தைக் கொடுக்கும்போது சொல்லும் வாசகம் நீளமானது. 1549இன் வாசகம் கிறிஸ்துவின் சரீரமே கொடுக்கப்படுகிறது என்பதை அழுத்தியது. 1552இன் வாசகம் அதை நீக்கிவிட்டு, நினைவாக உண் என்றது. 1559இல் எலிசபெத் அரசியின் காலத்துப் புத்தகம் இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டியது. மனிதரைத் தீக்கிரையாக்கிய ஒரு சர்ச்சையின் இரு தரப்பும் இப்படி ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. இவ்வாசகத்தை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்ல வேண்டும் என்பது புத்தகத்தின் எதிர்பார்ப்பு. நூறு பேருக்கு அப்படிச் சொல்வது பெரும்பாடு. சுருக்குவார்கள், அல்லது வரிசைக்கு ஒருமுறை சொல்வார்கள். எட்டுப் பேருக்கு முழுவதையும் சொல்லலாம். ஒருவர் கூட்டத்தின் பகுதியாக இல்லாமல் தனி ஆளாக அழைக்கப்படுகிறார். எட்டு மணிக்காரர்களை ஒட்டாதவர்கள் என்று பழிக்கும்போது இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

குறை இல்லாமலும் இல்லை. இளங்குடும்பங்கள் அந்த வேளைக்கு வருவதில்லை. ஊருக்குப் புதியவருக்கு மொழியும் பழக்கமும் அந்நியம். எப்போது எழுவது, எப்போது முழங்கால்படியிடுவது என்று யாரும் சொல்வதுமில்லை. பகிர்ந்துண்ணும் விருந்தைத் தனிமனிதப் பக்தியாகச் சுருக்கிவிடுகிறது என்ற ஹீபர்ட்டின் குற்றச்சாட்டு இன்னும் நிற்கிறது. மூன்று பேராவது வேண்டும் என்று விதித்தவர்கள் அந்த மூவரும் மூன்று தூண்களுக்குப் பின்னால் அமர்வார்கள் என்று எண்ணியிருக்க மாட்டார்கள்.

கொரோனா காலம் இந்த ஆராதனையை எதிர்பாராத முறையில் சோதித்தது. 2020 மார்ச்சில் பொதுப் பாத்திரம் நிறுத்தப்பட்டு, ஆலயங்களும் மூடப்பட்டன. 1547ஆம் ஆண்டுச் சட்டம் அவசியம் நேர்ந்தால் தவிர அப்பம், ரசம் இரண்டையும் மக்களுக்குக் கொடுக்கச் சொல்கிறது. அந்த 'அவசியம்' அப்போது உண்மையாகவே நேர்ந்தது. ஜூலையில் ஆலயங்கள் திறந்தபோது சபையாகப் பாடுவது தடைபட்டது. இடைவெளிவிட்டு அமர்வது, பாடாதிருப்பது, கைகொடுக்காதிருப்பது, சுருக்கமாக முடிப்பது என்று நாடு முழுவதும் விதிக்கப்பட்ட முறை ஏறக்குறைய எட்டு மணி முறையே.

குரு எங்கே?

இனி இந்த ஆராதனையின் விதியைத் தீர்மானிக்கப்போவது ரசனையோ இறையியலோ அன்று, ஆள்பலம். ஆங்கிலத் திருச்சபைக்குச் சுமார் 16,000 ஆலயக் கட்டடங்கள் உள்ளன. கிராமப்புறத்தில் ஒரே குருவின் பொறுப்பில் ஐந்தாறு ஆலயங்கள், சில இடங்களில் அதைவிட மிகுதியாக, இருக்கின்றன. முதல் ஞாயிறு ஓர் ஊர், இரண்டாம் ஞாயிறு அடுத்த ஊர் என்று முறை வைத்துச் சமாளிக்கிறார்கள். ஒவ்வோர் ஆலயத்திலும் ஞாயிறுதோறும் ஆராதனை நடக்க வேண்டும் என்ற சபைச் சட்டம் 2019இல் தளர்த்தப்பட்டது. ஒரு குருவின் கீழுள்ள ஆலயங்களில் ஏதேனும் ஒன்றில் நடந்தால் போதும் என்றானது. நடைமுறையில் எப்போதோ நின்றுபோனதைச் சட்டம் பின்னால் வந்து ஒப்புக்கொண்டது.

திருநெல்வேலிப் பக்கத்துச் சேகரங்களை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. ஒரு சேகரகுருவின் கீழ்ப் பல ஊர் ஆலயங்கள், வாராந்தர ஆராதனையை நடத்த உபதேசியார், நற்கருணைக்கு முறைவைத்து வரும் குருவானவரான ஐயர் என்ற ஏற்பாடு அங்கே பல தலைமுறையாகப் பழகியது. அந்த அமைப்பு வளர்ந்துகொண்டிருந்த சபையின் தேவைக்காக எழுந்தது. இங்கிலாந்து சுருங்கிக்கொண்டிருக்கும் சபையின் தேவைக்காக ஏறத்தாழ அதே இடத்துக்கு வந்திருக்கிறது.

எளிமையான ஆராதனை என்று சொல்லப்படும் எட்டு மணிக்கு ஆர்கன் வேண்டாம், பாடகர் வேண்டாம், திரை வேண்டாம், முன்னேற்பாடும் அதிகம் வேண்டாம். வேண்டியது குருப்பட்டம் பெற்ற ஒருவர் மட்டுமே. இன்றைய கிராமத்தில் மிக அரிதாகக் கிடைப்பவரும் அவரே. பாட்டும் நாடகமுமாகக் குடும்ப ஆராதனை நடத்தச் சபை மக்களே போதும்; மூன்று பேருக்கு அப்பம் பிட்டுக் கொடுக்க அவர்களால் முடியாது. முன்பே அர்ப்பணித்த அப்பத்தையும் ரசத்தையும் வேறோர் ஆலயத்திலிருந்து கொண்டுவந்து கொடுக்கும் முறைக்குப் பேராயரின் அனுமதி வேண்டும்; எல்லாரும் அதை விரும்புவதுமில்லை. ஓய்வுபெற்ற குருக்களும் சம்பளம் பெறாமல் ஊழியம் செய்யும் குருக்களும் இருப்பதால்தான் பல ஊர்களில் எட்டு மணி இன்னும் ஓடுகிறது.

மக்கள் இல்லாமல் குரு மட்டும் நடத்தும் நற்கருணையைத் தடுக்கவே கிரான்மர் மூன்று பேர் விதியை எழுதினார். இன்று பல ஊர்களில் மூன்று பேர் இருக்கிறார்கள், குருதான் இல்லை. முறைப்பட்டியல் இப்படியே நீளுமானால் ஒரு கிராமத்துக்கு ஆண்டில் ஐந்தாறு முறை நற்கருணை கிடைக்கும் நிலை வரலாம். அது பெமர்ட்டனில் ஹெர்பர்ட் சொன்ன கணக்கு. வாரந்தோறும் எட்டு மணி என்ற வழக்கம் விக்டோரியா காலத்தின் ஆள்பலத்தால் எழுந்தது. அந்த ஆள்பலம் குறைந்தால் வழக்கமும் அதற்கு முந்தைய அளவுக்குத் திரும்பும். அப்படித் திரும்புவதை அழிவு என்று புலம்பும் முன், இப்புத்தகம் தன் ஆயுளில் பாதிக்கு மேல் அந்த அளவில்தான் புழங்கியது என்பதை நினைவில் கொள்ளலாம். பழமை என்று எட்டு மணிக்காரர்கள் காக்க நினைப்பதில் உண்மையிலேயே பழையது சொற்கள் மட்டும். அவற்றைக் காக்க விரும்பும் ஊர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எந்த வேளைக்கு, எத்தனை முறை என்பதன்று. குருப்பட்டத்துக்குத் தன்னிடமிருந்து யாரை அனுப்பப்போகிறது என்பது.